எழுத்துக்கூட்டிப் படித்த வேதியியலாளர்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு புதிர்

நம் ஊரில் பல வீடுகளின் ஃப்ரிட்ஜ் கதவில், தயிர்ப் பாக்கெட்டுக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பி உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் அதை ஊசியில் உறிஞ்சி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுக்கொள்கிற பெரியவர்கள் ஒருமுறையாவது அலுத்துக்கொண்டிருப்பார்கள்: "தலைவலிக்கு மாத்திரை இருக்கு, பிரஷருக்கு மாத்திரை இருக்கு. இந்த இன்சுலினை மட்டும் ஏன் மாத்திரையாத் தர மாட்டேங்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். விழுங்கினால் இன்சுலின் செரித்துவிடும் என்பது சுருக்கமான பதில். பருப்பும் முட்டையும் எப்படிச் செரிக்கின்றனவோ அப்படியே. இன்சுலின் ஒரு புரதம். புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்குவதற்கென்றே வயிற்றிலும் குடலிலும் நொதிகள் காத்திருக்கின்றன. வாய்வழியாகப் போன இன்சுலின் ரத்தத்தைத் தொடும்போது இன்சுலினாக இருக்காது.

நோயாளிக்கு இடைஞ்சலாக இருக்கும் இந்த நறுக்கலையே ஒரு வேதியியலாளர் கருவியாக்கிக்கொண்டார். அதே நொதிகளைச் சோதனைக் குழாயில் ஊற்றி, இன்சுலினை நறுக்கி, துண்டுகளைப் பொறுக்கி, பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். அவர் பெயர் ஃபிரெடரிக் சாங்கர். வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு இரண்டு முறை கிடைத்தது, 1958இலும் 1980இலும். 2022 வரை உலகில் வேறு எவருக்கும் அது வாய்க்கவில்லை.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷர் வட்டாரத்தில் ரெண்ட்கோம்ப் என்ற சிற்றூரில் 1918 ஆகஸ்ட் 13 அன்று சாங்கர் பிறந்தார். அப்பா மருத்துவர். சீனாவில் சமயப் பணியோடு மருத்துவமும் பார்த்துத் திரும்பியவர். பிற்பாடு குவேக்கர் ஆனார். போரை எந்த வடிவிலும் ஏற்காத கிறித்தவப் பிரிவு அது. அம்மா பருத்தி ஆலை நடத்திய செல்வக் குடும்பத்துப் பெண். ஒரு வயது மூத்த அண்ணனின் பின்னால் வயல்வெளியெல்லாம் சுற்றித் திரிந்ததில்தான் தம்பிக்கு உயிரினங்கள் மேல் ஆசை பிறந்தது.

அப்பாவைப் போல மருத்துவராக வேண்டும் என்பதுதான் முதலில் எண்ணம். ஆனால் அப்பாவின் நாள் எப்படிப் போகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்த பையன் மனம் மாறினான். மருத்துவர் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளிக்கு ஓடிக்கொண்டே இருக்கிறார். ஒரே சிக்கலை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதிலேயே கிடக்கும் வாழ்க்கைதான் தனக்குச் சரிப்படும் என்று தோன்றிவிட்டது.

1936இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தாய், தந்தை இருவரையும் புற்றுநோய் கொண்டுபோனது. வகுப்பில் தான் ஒன்றும் மின்னும் மாணவன் இல்லை என்றும், பெற்றோருக்கு வசதி இல்லாமல் இருந்திருந்தால் கேம்பிரிட்ஜ் வாசலையே மிதித்திருக்க முடியாது என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு நோபல் வாங்கியவரின் வாயிலிருந்து வரும்போது இது வெற்று அடக்கமாகத் தோன்றலாம். ஆனால் கூடவே பணத்தைப் பற்றியும் சொன்னாரே, அதனால் நம்பலாம்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது, மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவராகப் பதிவு செய்துகொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். போருக்கு எதிரான கேம்பிரிட்ஜ் அறிவியலாளர் குழுவில்தான் ஜோன் ஹோவைச் சந்தித்தார். நியூன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த பெண். 1940 டிசம்பரில் திருமணம். மாப்பிள்ளைக்கு வயது 22.

கோவையா, கூழா?

1943இல் முனைவர் பட்டம் முடித்த கையோடு, பேராசிரியர் சிப்னலின் குழுவில் சாங்கர் சேர்ந்தார். இன்சுலினை எடுத்துப் பார்க்கச் சொன்னவர் சிப்னல்தான். பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. தூய நிலையில், கை நிறையக் கிடைக்கிற புரதங்கள் அப்போது மிகச் சில. இன்சுலினோ மருந்துக் கடைச் சரக்கு. 'பூட்ஸ்' நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது என்பது அன்றே தெரியும். பாசிமணிக் கோவையை நினைத்துக்கொண்டால் போதும். மணிகள் சுமார் இருபது வகை. ஒரு மணியின் வாலில் அடுத்ததன் தலை கோத்திருக்கும். எந்த வகையில் எத்தனை மணி என்று எண்ணவும் முடிந்தது. தெரியாதது வரிசை. அப்படி ஒரு நிலையான வரிசை இருக்கிறதா என்பதே சண்டையாக இருந்தது. புரதம் என்பது ஏறக்குறைய ஒத்த பல மூலக்கூறுகள் கலந்த கூழ்தான் என்றனர் சிலர். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே மணி திரும்பத் திரும்ப வரும், தறியில் நெய்த கரை போல ஒழுங்காக இருக்கும் என்றனர் வேறு சிலர்.

தலைமணிக்கு மஞ்சள்

சாங்கர் கோவையின் நுனியிலிருந்து தொடங்கினார். நடுவில் உள்ள மணிகளின் தலை முந்தைய மணிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். முதல் மணியின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையை மட்டும் பிடித்துக்கொள்கிற ஒரு சாயம் வேண்டும். பிறகு கோவையையே பிய்த்து எறிந்தாலும் அந்த ஒரு மணியில் சாயம் ஒட்டியிருக்கும்.

அவர் தேர்ந்தெடுத்த பொருளுக்கு வாயில் நுழையாத பெயர்: ஃபுளூரோடைநைட்ரோபென்சீன். தலைமணியில் ஒட்டியதும் பளிச்சென்று மஞ்சளாகும். கேம்பிரிட்ஜின் வேதியியல் துறையில், போரில் பயன்படக்கூடிய நச்சு வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த சாண்டர்ஸ் என்பவரின் வேலையிலிருந்து வந்த பொருள் அது. துப்பாக்கி தொட மறுத்தவரின் புகழுக்கு அடிக்கல் போட்டது விஷவாயு ஆராய்ச்சியின் மிச்சம். இன்றும் மாணவர்கள் அதைச் 'சாங்கர் வினைபொருள்' என்றே படிக்கிறார்கள்.

இன்சுலினுக்குச் சாயம் ஏற்றிப் பிய்த்துப் பார்த்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு வகைத் தலைமணிகள் மஞ்சளாகின: கிளைசின், ஃபினைல் அலனின். அப்படியென்றால் இன்சுலின் ஒற்றைக் கோவை அல்ல. இரண்டு வகைக் கோவைகள் எங்கோ பிணைந்திருக்கின்றன. பிணைப்பது கந்தக அணுக்களால் ஆன பாலம். அதை ஓர் அமிலம் கொண்டு அறுத்தால் கோவைகள் தனித்தனியே கழன்று வந்தன. 1945இல் வெளியான கட்டுரையில் நான்கு கோவைகள் என்று சாங்கர் கணக்கிட்டிருந்தார். இன்சுலினின் எடையை அன்றைக்கு எல்லோரும் இரண்டு மடங்காக எண்ணிக்கொண்டிருந்ததால் நேர்ந்த பிசகு. இருப்பவை இரண்டே: 21 மணிகள் கொண்ட சிறியது, 30 மணிகள் கொண்ட பெரியது.

துண்டுகளைப் பிரிக்க வண்ணப்பிரிகை என்ற முறை கைகொடுத்தது. சாக்பீஸில் ஒரு சொட்டுப் பேனா மையை வைத்து, அடியைத் தண்ணீரில் நிறுத்தினால், மை நீலமும் ஊதாவுமாகப் பிரிந்து ஏறும் அல்லவா, அதே தந்திரம். இங்கே சாக்பீஸுக்குப் பதில் வடிதாள். ஒவ்வொரு துண்டும் தன் தன் உயரத்தில் நிற்கும். அந்த இடத்தைக் கத்தரித்து, கரைத்து எடுத்து, மறுபடி தலைக்குச் சாயம் ஏற்றி, முழுக்கப் பிய்த்தால், மஞ்சளானது முதல் மணி, மற்றவை பின்னால் வந்தவை. இரண்டு மணித் துண்டென்றால் கதை அத்தோடு முடிந்தது.

பன்னிரண்டு மணிகள்

வாசகரும் ஒருமுறை கோத்துப் பார்த்துவிடலாம். பெரிய கோவையின் தொடக்கத்தில் உள்ள 12 மணிகள் மட்டும். பெயர்கள் நீளமானவை என்பதால் முதலெழுத்து போதும்: ஃபினைல் அலனின் ஃபி, வாலின் வா, அஸ்பராஜின் அஸ், குளூட்டமின் குளூ, ஹிஸ்டிடின் ஹி, லியூசின் லி, சிஸ்டீன் சி, கிளைசின் கி, செரின் செ.

அமிலத்தில் பிய்த்த பிறகு தாளில் இந்தத் துண்டுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்: ஃபி-வா, வா-அஸ், அஸ்-குளூ, குளூ-ஹி, ஹி-லி, லி-சி, லி-வா, சி-கி, செ-ஹி.

தலைமணி ஃபி என்பது மஞ்சளால் தெரியும். ஃபி-வா என்ற துண்டின் வாலும் வா-அஸ் என்பதன் தலையும் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் ஃபி-வா-அஸ். பிறகு குளூ. பிறகு ஹி. பிறகு லி. இதுவரை ஓடுகிற தண்ணீர்தான்.

லி வந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. அடுத்தது சி-யா, வா-வா? ஹி-க்கு முன்னாலும் இரண்டு பேர் நிற்கிறார்கள், குளூவும் செ-யும். அதாவது ஹி-லி என்ற ஜோடி இந்தக் கோவையில் இரண்டு இடங்களில் வருகிறது. 'குளூ-ஹி-லி-சி', 'செ-ஹி-லி-வா' என்று இருக்கலாம். 'குளூ-ஹி-லி-வா', 'செ-ஹி-லி-சி' என்றும் இருக்கலாம். இரண்டு மணித் துண்டுகளை எத்தனை ஆயிரம் வைத்திருந்தாலும் இந்த வழக்கு தீராது. மூன்று மணித் துண்டும் உதவாது. செ-ஹி-லி கிடைத்தால் அடுத்து யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். நான்கு வேண்டும். செ-ஹி-லி-வா என்று ஒரே ஒரு துண்டு கிடைத்துவிட்டால், இரண்டாவது ஹி-லிக்குப் பின்னால் வா என்று முடிவாகிவிடுகிறது. முதல் ஹி-லிக்குச் சி மட்டுமே மிச்சம்.

ஆகக் கோவை ஃபி-வா-அஸ்-குளூ-ஹி-லி-சி-கி வரை வந்துவிட்டது. கையில் செ-ஹி-லி-வா தனியாக இருக்கிறது. இரண்டும் ஒட்டவில்லை. கி-செ என்ற துண்டு அமிலத்தில் தேடக் கிடைக்காது. செரினுக்கு முன்னால் உள்ள பிணைப்பு அமிலம் பட்டதும் மற்றவற்றைவிட எளிதில் அறுந்துவிடும். எல்லாத் துண்டும் அங்கேயே முறிந்து வரும். வேறு கத்தி தேவை.

வயிற்றிலிருந்து வந்த கத்திகள்

அந்தக் கத்திகள்தான் முதலில் பார்த்த நொதிகள். வயிற்றில் சுரக்கும் பெப்சின். கணையத்திலிருந்து குடலுக்கு வரும் டிரிப்சின், கைமோடிரிப்சின். அமிலம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் முரடன். நொதி இடம் பார்த்து வெட்டும். டிரிப்சின், லைசின் அல்லது ஆர்ஜினின் மணிக்குப் பின்னால் மட்டும் அறுக்கும், மற்ற இடத்தில் கை வைக்காது. அதனால் துண்டுகள் நீளமாக வரும். செரினைத் தாண்டியும் வரும். அமிலம் விட்ட இடைவெளிகளை நொதி நிரப்பியது.

இடையில் ஒரு வேடிக்கை. இன்சுலினைச் செய்வதும் கணையம், அதை நறுக்கும் டிரிப்சினைச் செய்வதும் அதே கணையம். இன்சுலின் முதலில் கைக்கு வந்த 1921க்கு முன் கணையத்தை அரைத்து இன்சுலின் எடுக்க முயன்ற பலர் கையைப் பிசைந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

பெரிய கோவையை ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஹான்ஸ் டுப்பியோடு சேர்ந்து 1951இல் முடித்தார். சிறிய கோவையை ஆஸ்திரேலியரான தாம்ப்சனோடு 1953இல். மிஞ்சியது கந்தகப் பாலங்கள் எந்த மணியை எந்த மணியோடு கட்டுகின்றன என்பது. அமிலத்தில் போட்டால் பாலங்கள் தாமாகவே இடம் மாறிப் பொய்ச்சாட்சி சொல்லின. அதையும் தாண்டி 1955இல் முழு வரைபடம் வந்தது: 51 மணிகள், மூன்று பாலங்கள்.

கூழ் கட்சி தோற்றது. கரை கட்சியும் தோற்றது. எல்லா இன்சுலின் மூலக்கூறுக்கும் ஒரே வரிசை; அந்த வரிசையில் எந்தக் கோலமும் இல்லை. கோலம் இல்லாத ஒன்றைச் செல் ஒவ்வொரு முறையும் பிசகாமல் செய்கிறதென்றால், அது எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜிலேயே இருந்த பிரான்சிஸ் கிரிக் இதைப் பிடித்துக்கொண்டார். மரபணுவின் எழுத்து வரிசைதான் புரதத்தின் மணி வரிசையைத் தீர்மானிக்கிறது என்ற அவருடைய கருத்துக்கு, சாங்கரின் இன்சுலின் ஒரு தூண்.

பன்றியும் பசுவும்

சாங்கர் குழு படித்தது பசு இன்சுலின். பிறகு பன்றி, செம்மறி ஆடு, குதிரை, திமிங்கிலம் என்று ஒவ்வொன்றின் இன்சுலினையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வேறுபாடு சில மணிகளில்தான். மனித இன்சுலினோடு வைத்துப் பார்த்தால் பசுவினுடையது மூன்று மணிகளில் மாறுகிறது. பன்றியினுடையது ஒன்றே ஒன்றில், பெரிய கோவையின் கடைசி மணியில். 1980கள் வரை உலகம் முழுவதும் சர்க்கரை நோயாளிகள் இந்த இரண்டு விலங்குகளின் கணையத்தை நம்பி உயிர் வாழ்ந்ததற்குக் காரணம் இந்த நெருக்கம். முட்டைகூடத் தொடாத வீடுகளுக்கும் ஊசி வழியாக அதுதான் போனது. 1982இல் பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலின் சந்தைக்கு வந்தபின் நிலைமை மாறியது.

வரிசை தெரிந்தால் மணியை மாற்றியும் பார்க்கலாம். பெரிய கோவையின் 28ஆம் இடத்தில் புரோலின், 29ஆம் இடத்தில் லைசின். இரண்டையும் இடம் மாற்றிக் கோத்தார்கள். குப்பியில் ஆறு ஆறாகக் கட்டிப்பிடித்துக் கிடக்கும் இன்சுலின் மூலக்கூறுகள், இந்த மாற்றத்தால் ஊசி போட்டதும் சட்டென்று பிரிந்து ரத்தத்தில் கலந்தன. சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ளும் விரைவு இன்சுலின்களில் ஒன்று 1996இல் வந்தது இப்படித்தான்.

வீடு

இன்சுலின் ஆண்டுகளில் சாங்கருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். முதல் நோபலுக்குப் பிறகு, 1960இல், ஒரு பெண். நோபல் குழுவுக்கு எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் மனைவியைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். ஜோன் அறிவியலாளர் இல்லை. ஆனால் அமைதியும் மகிழ்ச்சியுமான வீட்டைக் கொடுத்ததன் மூலம் தன் ஆய்வுக்கு வேறு எவரையும்விட அதிகம் செய்தவர் அவரே என்பது அதன் சாரம்.

உபசார வார்த்தை என்று இதைத் தள்ளிவிடத் தேவையில்லை. மேலே பார்த்த 'செ-ஹி-லி-வா' போன்ற ஒரு துண்டுக்காக வாரக்கணக்கில் தாள் தாளாகக் கத்தரிக்க வேண்டும். பெரும்பாலான நாட்கள் வெறுங்கையோடுதான் முடியும். சிந்திப்பது, பேசுவது, செய்வது என்று ஆய்வில் மூன்று வேலைகள் உண்டென்றும், தனக்கு மிகவும் பிடித்ததும் அதிகம் கைவந்ததும் மூன்றாவதுதான் என்றும் சாங்கர் சொல்வார். பாடம் நடத்துவதையும் நிர்வாகத்தையும் கூடியவரை தவிர்த்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு மாலையில் திரும்பிப்போக ஒரு நிதானமான வீடு இருந்தது உண்மையிலேயே ஆய்வுக் கருவிதான். அந்த நிதானத்தைப் பொருளாதாரம் படித்த ஒரு பெண் தன் உழைப்பால் உண்டாக்கினார் என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தலைமுறையின் அறிவியலாளர் வாழ்க்கைக் குறிப்புகள் பலவற்றில் அதற்கு அரை வரிகூடக் கிடைப்பதில்லை. சாங்கர் ஒரு வரியாவது கொடுத்தார்.

முற்றுப்புள்ளி எழுத்து

பரிசு வாங்கியவர்கள் சாதாரணமாகக் குழுத் தலைவர், இயக்குநர் என்று மேலே ஏறிப்போவார்கள். சாங்கர் மேசையை விட்டு நகரவில்லை. 1962இல் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு மாறினார். (சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பின்னாளில் நோபல் வாங்கியது இதே ஆய்வகத்தில் இருந்துகொண்டுதான்.) கிரிக்கின் அக்கம்பக்கத்தில் இருந்தால் மரபணு மேல் கண் போகாமல் இருக்குமா? சில வறண்ட ஆண்டுகளுக்குப் பின் டி.என்.ஏ.வைப் படிக்க இறங்கினார்.

இங்கே எழுத்து நான்கே. கோவையோ ஆயிரக்கணக்கில் நீளும். பிய்த்துக் கோக்கும் பழைய வழி கட்டுப்படியாகாது. அதனால் வெட்டாமல் நகலெடுக்கச் செய்தார். ஓர் எழுத்து விழும் இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போலி எழுத்து நுழையும்படி வைத்தார். போலி நுழைந்தால் நகல் அந்த இடத்தோடு நின்றுவிடும். 'க' எழுத்துக்கு அப்படிச் செய்தால், எங்கெல்லாம் 'க' உண்டோ அங்கெல்லாம் முடிகிற நகல்கள் கிடைக்கும். நான்கு எழுத்துக்கும் தனித்தனியே செய்து, நகல்களை நீள வரிசையில் பக்கம் பக்கமாக அடுக்கினால், கீழிருந்து மேலாக எழுத்துகளை வாசித்துக்கொண்டே போகலாம். 1977இல், இதற்கு முந்தைய ஒரு முறையில், ஒரு வைரஸின் சுமார் 5,375 எழுத்துகள். 1981இல் மனித மைட்டோகாண்ட்ரியாவின் 16,569. 1982இல் இன்னொரு வைரஸின் 48,502.

1980இல் இரண்டாம் நோபல் வந்தது. 1983இல், 65 வயதில், பைப்பெட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கௌரவப் பதவி எதையும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கு அருகே ஸ்வாஃபம் புல்பெக் என்ற ஊரில் வீடு. ஜோனோடு தோட்ட வேலை, படகு. 'சர்' பட்டம் தேடி வந்தபோது, அப்படி அழைக்கப்படுவது பிடிக்காது என்று மறுத்துவிட்டார்.

மனித மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்க 1993இல் ஹிங்ஸ்டனில் ஒரு மையம் தொடங்கியபோது, அவர் பெயரை வைக்க அதன் இயக்குநர் ஜான் சல்ஸ்டன் அனுமதி கேட்டார். சாங்கர் சம்மதித்தார், ஆனால் அது உருப்படியாக இருந்தாக வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பின்னர் அந்த மையம் படித்துக் கொடுத்தது. எல்லாம் அவருடைய போலி எழுத்து முறையில்தான். அதே ஆண்டுகளில் அவர் தோட்டத்தில் இருந்தார்.

ஜோன் 2012இல் காலமானார். எழுபது ஆண்டுகளைத் தாண்டிய மணவாழ்க்கை. அடுத்த ஆண்டு நவம்பர் 19 அன்று, கேம்பிரிட்ஜ் மருத்துவமனை ஒன்றில், 95 வயதில் சாங்கரும் போனார்.